'சீர் ஃபிஷ்' தமிழா? வஞ்சிரம், சீலா, சீர்: பெயர் வந்த வழி

மாசிவீதி_மெஸ்
வணக்கம். மெஸ்ஸுக்குத் தமிழ், ஆங்கிலம் ரெண்டுலயும் மெனு அச்சடிக்கணும். ஆங்கிலத்துல 'சீர் ஃபிஷ்'. தமிழ்லதான் தகராறு. மாஸ்டர் ராமநாதபுரத்துக்காரர், 'சீலா'ன்னு போடச் சொல்றார். பரிமாறுற தம்பி 'வஞ்சிரம்'னு இருந்தாத்தான் ஓடும்ங்கிறான். அச்சகத்துல ஒரு பெரியவர், "சீர்ங்கிறதே தமிழ்தான்யா, சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டு போன மீன், அதைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான்"னு அடிச்சுச் சொல்றார். எதைப் போடலாம்?

செல்லூர்_சொல்லாய்வு
சீலா, வஞ்சிரம் ரெண்டும் நம் கரையில் புழங்கும் பெயர்கள். அவற்றை அப்புறம் பார்ப்போம். முதலில் 'சீர்'.

சீர்வரிசைக் கதை சுவையானதுதான், ஆனால் நிற்காது. தமிழ்ச் சொல்லாக இருந்தால் கடற்கரையில் எங்காவது அந்தப் பெயர் இருந்தாக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் 'சீர்' என்று கூவி யாரும் மீனை ஏலம் விடுவதில்லை. மீன்காரருக்குத் தெரியாத மீன் பெயர் ஆங்கில அகராதியில் மட்டும் இருக்கிறது என்றால், அது வேறு வாசல் வழியாக வந்தது என்றே பொருள்.

அந்த வாசல் போர்ச்சுகீசியம். 'செர்ரா' என்றால் அவர்கள் மொழியில் ரம்பம். 'பெய்ஷெ செர்ரா' என்றால் ரம்ப மீன். 1554-இல் அந்தோனியோ நூனெஸ் என்பவர் எழுதிய எடை அளவை நூலில், மாலுமிக்கு மாதம் ஒரு 'பெய்ஷெ செர்ரா' மீனைப் படியாகக் கொடுக்கும் கணக்கு இருக்கிறது. 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனும் இதே பெயரைச் சொல்லி, சால்மன் மீனைப் போல இதை வட்டத் துண்டு போட்டு உப்பிடுவார்கள், ருசியான மீன் என்கிறார். அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598-இல் வந்துவிட்டது. ஆங்கிலேயர் எழுத்தில் 'சீர்' தலைகாட்டுவது இதற்குப் பின்னால்தான். 1727-இல் ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 'சீர் ஃபிஷ்' என்றே எழுதுகிறார்.

இந்த மேற்கோள்களை வரிசையாக அடுக்கிக் காட்டியவர்கள் யூலும் பர்னெலும், 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில். ஆண்டு வரிசைப்படி படித்தாலே செர்ரா முந்தி, சீர் பிந்தி என்பது தெரிந்துவிடும். சொல்லின் பிறப்பைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையை. ஒலி ஒற்றுமை அதற்கு அப்புறம்தான்.

சேல்விழி
ஐயா, வெள்ளைக்காரன் எழுதி வைத்ததுதான் சான்றா? நம்மிடம் 'சேல்' இருக்கிறது, பழைய பாடல்களிலேயே உள்ள மீன் பெயர். 'சீலா'வும் இருக்கிறது. லகரம் ரகரமாகத் திரிவது புதுசு இல்லையே. சீலா, சீரா, சீர். இது ஏன் கூடாது?

செல்லூர்_சொல்லாய்வு
கூடாது என்று சட்டம் இல்லை அம்மா. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

சேல் நன்னீர்க் கெண்டை இனம். குளத்திலும் ஆற்றிலும் கிடப்பது. அந்தப் பெயர் கடலுக்குப் போய், அங்கே ஒரு மீட்டர் மீனுக்கு ஒட்டிக்கொண்டு, தமிழில் தடமே இல்லாமல் ஆங்கிலத்தில் மட்டும் வெளிவந்தது என்றால் நடுவில் ஒரு படிக்கட்டாவது கண்ணில் பட வேண்டும்.

சீலாவுக்குச் சிக்கல் இடம்தான். போர்ச்சுகீசியரின் பழைய எழுத்துகள் மேற்குக் கரையைச் சுற்றியவை. அந்தப் பக்கம் இந்த மீன் கொங்கணியில் 'இஸ்வண்', துளுவில் 'அஞ்சல்' (தபால் இல்லை, மீன்தான்), மலையாளத்தில் 'அயக்கூறா', 'நெய்மீன்'. மலையாளத்தில் 'சீலாவு' என்ற சொல் உண்டு. அது வேறு மீனுக்கு, பாரகுடாவுக்கு. ஆக, அவர்கள் காதில் விழுந்திருக்கக்கூடிய 'சீலா' இந்த மீனே இல்லை.

மூன்றாவது, 1554-இலேயே அவர்கள் 'செர்ரா' என்றுதான் எழுதுகிறார்கள், பக்கத்தில் 'பெய்ஷெ' வேறு. அவர்கள் வீட்டுச் சொல் அது. கடன் வாங்கிய பெயர் என்றால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது: சீர், செய்ர் என்று இரண்டு மூன்று விதம். யார் கடன் வாங்கினார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

கடைசி 'ஆ' உதிர்ந்ததையும் கேட்பார்கள். போர்ச்சுகீசிய 'காஸ்தா'தான் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' (சாதி) ஆனது. அதே உதிர்வு.

கரிமேடு_கட்டை
அண்ணே, ரம்பம் எங்க இருக்குன்னு யாரும் சொல்லலியே. மீனைப் பாத்தாத்தான் புரியும்.

முழு மீனா வாங்குங்க, செட்டை (துடுப்பு) வெட்டுறதுக்கு முன்னாடி. முதுகுல ரெண்டு செட்டை. முதல்ல முள்ளோட நீளமா ஒண்ணு, அதை ஒட்டி ரெண்டாவது. ரெண்டாவது முடிஞ்ச இடத்துலேர்ந்து வால் வரைக்கும் குட்டிக் குட்டியா முக்கோணம் நிக்கும். தனித்தனியா, இடைவெளி விட்டு. மேல எட்டு, ஒம்பது, பத்து வரைக்கும் இருக்கும். கீழ மலவாய்ச் செட்டைக்குப் பின்னாடியும் அதே மாதிரி ஒரு வரிசை. வாலைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல பாருங்க, ரெண்டு பக்கமும் பல் வச்ச ரம்பம் அப்படியே தெரியும். விரலை வாலிலேர்ந்து தலைப்பக்கமா ஓட்டினா ஒவ்வொண்ணா மடங்கி நிமிரும்.

கட்டையில போட்டதும் முதல்ல சீவி எறியிறதே இதைத்தான். துண்டா வாங்கிட்டுப் போறவுகளுக்கு அது கண்ணுலயே படாது. துண்டுல தெரியிறது நடுவுல ஒத்தை எலும்பு, சுத்தி வெள்ளைச் சதை. அவ்வளவுதான்.

பாரகுடாவுல இந்தக் குட்டிச் செட்டை ஒண்ணுகூடக் கிடையாது. அதுல முதுகுச் செட்டை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எட்டி நிக்கும், கீழ்த்தாடை முன்னாடி துருத்தும், உடம்பெல்லாம் செதில் நல்லாத் தெரியும், சுரண்டினா பறக்கும். நம்ம சீலாவுல சுரண்ட வேலையே இல்ல. சில பேரு ஒண்ணைக் காட்டி ஒண்ணைத் தள்ளி விட்டுருவாய்ங்க, துண்டு போட்ட பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்ல. தோலோட ஒரு துண்டு வாங்கி, செதில் தடம் இருக்கான்னு பாருங்க.

தல்லாகுளம்_நூலகம்
கட்டை சொன்ன இதே விஷயத்தைத்தான் ஹாப்சன்-ஜாப்சனும் காரணமாகக் காட்டுகிறது: பின்புறச் சிறு செட்டை வரிசைகள் ரம்பம் போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று. ஃபிரான்சிஸ் டேயின் இந்திய மீன் நூலில் உள்ள படங்களையும் சுட்டுகிறது.

இன்னொன்றையும் அங்கே கவனிக்க வேண்டும். 'செர்ரா' என்ற பெயருக்கு முதல் உரிமைக்காரர் இந்த மீன் அல்ல. நீண்ட மூக்கில் இரு புறமும் பல் முளைத்த உண்மையான ரம்ப மீன், பிரிஸ்டிஸ். போர்ச்சுகீசிய அகராதிகளில் 'பெய்ஷெ செர்ரா' என்றால் அதுதான். பின்னால் சமையலறைப் புழக்கத்தில் அந்தப் பெயர் இதற்கும் போனது. ஆகவே பழைய நூலில் 'செர்ரா' என்று பார்த்ததும் வஞ்சிரம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. மூக்கைப் பற்றிப் பேசினால் ரம்ப மீன். துண்டு, உப்பு, ருசி என்று பேசினால் நம்முடையது.

பாரசீகத்தில் கறுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு பழைய கருத்தும் உண்டு. யூலும் பர்னெலுமே அதைத் தள்ளிவிட்டார்கள். மீனும் கறுப்பு இல்லை. முதுகு நீலம் கலந்த சாம்பல், பக்கம் வெள்ளி.

பாம்பன்_வாடி
ரம்ப மூக்கு மீனை எங்க பக்கம் 'வேளா'ம்பாங்க. சுறான்னு நினைப்பாங்க, ஆனா திருக்கைச் சாதி: செவுள் வாய் அடிப்பக்கம் இருக்கும். சுறாவுக்குப் பக்கவாட்டுல. வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, அதனால பழைய மூக்கு கிடைக்குதுன்னு யாராவது விலை பேசினா ஒதுங்கிருங்க.

பேர் விஷயம். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் சீலான்னா மெஸ்காரர் கேட்ட மீன். சென்னையில சீலான்னா பாரகுடா, அதை நாங்க 'ஊளி'ம்போம். யாழ்ப்பாணத்துல போய்க் கேட்டா 'அறக்குளா'. சென்னைக்காரர் எழுதின சீலாக் குழம்புக் குறிப்பைப் பாத்து மதுரையில சீலா வாங்கினா, விலை ஒரு பங்கு கூட, குழம்பும் வேற மாதிரி வரும். பாரகுடாச் சதை கட்டியா நிக்கும். இது கொதி கூடினா வரண்டு போகும்.

சேல்விழி
வேளா என்றதும் பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. "சினைச் சுறவின் கோடு நட்டு" என்று பரதவர் வழிபாட்டைச் சொல்கிறாரே உருத்திரங்கண்ணனார். அந்தக் கோடு ரம்ப மூக்குதானே?

செல்லூர்_சொல்லாய்வு
அப்படித்தான் கொள்ள வேண்டும். கோடு என்றால் கொம்பு. நட்டு வைக்கும்படி நீண்ட கொம்பு உள்ள மீன் நம் கடலில் இரண்டு வகைதான்: கொப்பரன், மயில்மீன் வகையறா ஒன்று, இந்த ரம்ப மூக்கு இன்னொன்று. 'சுறவு' என்று பெயர் சொல்லியிருப்பதால் முதலாவது கழிந்தது. உடல்வாகு சுறா மாதிரியே இருக்கும், ஆகவே பழந்தமிழர் அதைச் சுறாவோடு சேர்த்ததில் வியப்பில்லை. 'சினை' என்பதும் கூர்ந்து பார்த்த சொல். இந்த இனம் முட்டையிடாது, குட்டி போடும். வயிற்றில் குட்டியோடு வலையில் விழுவதைக் கண்டவர்கள் சொன்ன அடைமொழி.

மாதப் பெயரில்கூடச் சுறா இருக்கிறது. மகரத்துக்குத் தனித்தமிழில் 'சுறவம்' என்று தை மாதத்தைச் சொல்கிறார்களே, அது இந்தச் சுறவுதான்.

தெப்பக்குளம்_77
எல்லாம் சரி, ஒரு சந்தேகம். போர்ச்சுகீசியர் 1530-களிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்கள். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடிக்கும் வரை இருந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் தமிழில் ஏறியது. மீன் பெயர் மட்டும் ஏன் ஏறவில்லை? 'செர்ரா' நம் பரதவர் வாயில் ஒட்டவில்லையே. அது உங்கள் வாதத்தைப் பலவீனமாக்காதா?

செல்லூர்_சொல்லாய்வு
பலப்படுத்துகிறது. கொய்யா, அன்னாசி வந்தபோது பழமும் புதிது, பெயரும் புதிது. அலமாரியும் அப்படித்தான். மீன் அப்படியில்லை. வலை போட்டவனுக்கு அதன் பெயர் பாட்டன் காலத்திலிருந்தே தெரியும், கடன் வாங்க அவசியம் இல்லை. அவசியப்பட்டது ஆங்கிலேயருக்கு. அப்போது துறைமுகத்துப் பொதுப் பேச்சு உடைந்த போர்ச்சுகீசியம். பட்லரும் சமையல்காரரும் அதில்தான் துரைகளோடு பேசினார்கள். 'ஆயா' அந்த வழியில் வந்தது. மீன் விற்ற இடத்தில் நாம் எடுத்துக்கொண்ட ஒரே சொல் விற்கும் முறையுடையது: 'ஏலம்' அவர்களுடைய 'லெய்லாவ்'.

தெப்பக்குளம்_77
செர்ரா அவர்கள் சொந்தச் சொல் என்பதற்கு இந்தியாவுக்கு வெளியே ஏதாவது?

தல்லாகுளம்_நூலகம்
பிரேசில். அங்கே இதே பேரினத்து மீன் ஒன்றுக்கு, ஸ்காம்பெரோமோரஸ் பிரேசிலியென்சிஸ், இன்றும் 'செர்ரா' என்றுதான் பெயர். மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஸ்பானியர் இன்னொரு தம்பி மீனை 'சியெர்ரா' என்கிறார்கள். அதுவும் ரம்பம்தான். அறிவியல் பெயரே ஸ்காம்பெரோமோரஸ் சியெர்ரா. கோவாவில் பிறந்த பெயர் கப்பலேறி பிரேசிலுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: போர்ச்சுகல் கப்பல் மெக்சிகோவின் மேற்குக் கரையில் மீன் விற்கவில்லை. ரெண்டு மொழிக்காரரும் தனித்தனியே அதே குட்டிச் செட்டைகளைப் பார்த்து அதே பெயரை வைத்திருக்கிறார்கள், அல்லது ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) கரையிலிருந்தே பெயரைக் கொண்டு போயிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் தமிழுக்கு அதில் வேலை இல்லை.

மாசிவீதி_மெஸ்
அண்ணே, கரிமேடு மீன் மார்க்கெட்டுல வரி போட்டது, புள்ளி வச்சதுன்னு ரெண்டு விதமாத் தர்றாய்ங்க. ரெண்டும் வஞ்சிரம்ங்கிறாய்ங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு போடலாமா?

கரிமேடு_கட்டை
போடலாம், ரேட்டு ஒண்ணா போடாதீங்க. வரி போட்டது பெருசா வளரும், ஒரு மீட்டருக்கு மேலயும் வரும். புள்ளி வச்சது முக்கால் மீட்டரைத் தாண்டுறதே அபூர்வம், துண்டு சின்னதா விழும். மூணாவது ஒண்ணு இருக்கு: புள்ளிக்குப் பதிலா நீளவாக்குல சின்னச் சின்னக் கீத்து.

ஏமாறுற இடம் எதுன்னா, வரி மீன்லயும் வயித்துப் பக்கம் வரி உடைஞ்சு புள்ளியாத் தெரியும். குட்டியா இருக்கும்போது வரியும் கம்மி. அதைப் புள்ளி மீன்னு தள்ளிருவாய்ங்க, இல்ல மாத்திச் சொல்லுவாய்ங்க. அப்ப வரி, புள்ளி ரெண்டையும் விட்டுட்டு உடம்பு நடுவுல ஓடுற பக்கக்கோட்டைப் பாருங்க. ரெண்டாம் முதுகுச் செட்டை முடியிற இடத்துக்குக் கீழ அந்தக் கோடு மடக்குனு இறங்குச்சுன்னா வரி மீன். வளைவா நிதானமா இறங்கினா மத்தது.

தல்லாகுளம்_நூலகம்
பெயர்கள் வேண்டுமானால்: வரி மீன் ஸ்காம்பெரோமோரஸ் கொமர்சன், உலகைச் சுற்றிய பிரெஞ்சு மாலுமி பூகன்வீலோடு கப்பலேறிய இயற்கையியலாளர் ஃபிலிபேர் கொமெர்சோனின் நினைவாக. புள்ளி மீன் ஸ்காம்பெரோமோரஸ் குட்டேட்டஸ். லத்தீனில் 'குட்டா' என்றால் துளி. 1801-இல் ஜெர்மன் அறிஞர்கள் பிளாக்கும் ஷ்னைடரும் அதை விவரித்தபோது கையில் இருந்தது நம் தரங்கம்பாடி மீன், அப்போது அது டேனிஷ்காரர் ஊர்.

செல்லூர்_சொல்லாய்வு
வஞ்சிரத்துக்கு வருகிறேன். வச்சிரம், வஞ்சி, வஞ்சகம் என்று இணையத்தில் ஆளுக்கொரு வேர் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் பழைய எழுத்துச் சான்று காட்டுவதில்லை. எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம். பாட்ரிக் ரஸ்ஸல் 1803-இல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறைப் படத்தோடு வெளியிட்டார். உள்ளூர்ப் பெயர்களையே தலைப்பாக வைத்தார். அதில் புள்ளி மீனுக்கு 'விஞ்சரம்' என்று படிக்கத்தக்க ஒரு பெயர் (ஆங்கிலத்தில் ஜகரத்துக்கு 'ஜி' எழுத்தைப் போட்டிருக்கிறார், 'விங்கெரம்' என்று படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு), வரி மீனுக்கு 'கோணம்'. இன்றும் தெலுங்கில் 'வஞ்சரம்', 'கோனெமு'. அதாவது வஞ்சிரம் என்பது ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வரை ஓடும் பெயர். தெற்கே வரவர சீலா. என் கணிப்பு, மதுரையில் வஞ்சிரம் கடற்கரை வழியாக வரவில்லை, ஓட்டல் மெனு வழியாக வந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது கேரளச் சரக்கு ஏறும்போது 'நெய்மீன்' என்ற பெயரும் சேர்ந்து வந்துவிடும்.

மெஸ்காரரே, 'வஞ்சிரம் (சீலா)' என்று இரண்டையும் போடுங்கள். வெறும் சீலா என்று போட்டால் சென்னையிலிருந்து வருகிறவர் பாரகுடா என்று நினைத்து விலையைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். ஆங்கிலத்தில் சீர் ஃபிஷ் சரி. 'ஸ்பானிஷ் மேக்கரல்' என்று மட்டும் போடாதீர்கள். யாராவது அதைக் கைபேசியில் தமிழாக்கிக் கானாங்கெளுத்தி என்று வாசிப்பார்கள்.

மாசிவீதி_மெஸ்
நன்றிண்ணே, அப்படியே போட்டுடுறேன். பாம்ஃப்ரெட்டும் மெனுவுல இருக்கு, அதுக்கும் இதே மாதிரி ஏதும் இருக்கா?

தல்லாகுளம்_நூலகம்
அதுவும் போர்ச்சுகீசிய வழிதான்: 'பாம்பனோ'. திராட்சைக் கொடியின் இளந்தளிரைக் குறிக்கும் சொல், மீனின் அகன்ற வடிவத்துக்கு வைத்தது. (பாம்பனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, யாரும் புதுக் கதை கிளப்ப வேண்டாம்.) நாம் அதே வடிவத்தைப் பார்த்து வௌவால் என்றோம். மெனுவில் வெள்ளை வௌவாலா கறுப்பு வௌவாலா என்று போட மறக்காதீர்கள். கறுப்பு வேறு குடும்பம், பாரை வகை.

பாம்பன்_வாடி
கானாங்கெளுத்தின்னு வந்ததால கேக்குறேன். அதுக்கு மீசையும் கிடையாது, கெளுத்தி மாதிரி முள்ளும் கிடையாது. பேர்ல மட்டும் கெளுத்தி எப்படி வந்துச்சு? நாங்க அயிலைன்னுதான் சொல்வோம்.

செல்லூர்_சொல்லாய்வு
அதற்கும் ரஸ்ஸல் புத்தகத்தையே பாருங்கள். விசாகப்பட்டினத்துப் பெயர் 'கானகுர்த்தா'. பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1816-இல் அதையே அறிவியல் பெயராக்கினார். இன்றைய பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்த்தா. தெலுங்கில் 'குர்த்தா' என்று ஒலிப்பது தமிழ்க் காதில் விழும்போது, தெரிந்த மீனாகிய கெளுத்தியாக உருமாறியிருக்க வேண்டும். கெளுத்தியை வேராக வைத்து விளக்க முயன்றால் மீனின் உடம்பில் ஒரு அடையாளமும் பொருந்தாது. சென்னை மீனவர் 'கானாங்கத்தை' என்கிறார்கள். அதில் கெளுத்தி இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.